மேற்குச் சுவரின் மணிகள்

தபால்காரர் பொட்டலத்தை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டு, "என்ன சார், உள்ள கல்ல வெச்சா அனுப்பியிருக்காங்க?" என்று சிரித்தார். பிரித்தேன். கல்தான். உள்ளங்கை அளவு, கறுப்பு. புதிதாக உடைந்த முகத்தில் அரிசிக் குருணை நீளத்துக்கு வெள்ளைக் கீற்றுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பொட்டலத்தின் மேல் பதினொரு தபால் தலைகள்.

கூடவே ஒரு கடிதம். "சார், ரிடையர் ஆகி ஊருக்கு வந்து கிணறு வெட்டுகிறேன். ஐம்பத்திரண்டு அடியில் இந்தக் கல் நிற்கிறது. நாம் பார்த்த கல்தான். தண்ணீர் இருக்கிறதா, விட்டுவிடலாமா என்று நீங்கள் வந்து சொல்ல வேண்டும். ஏழுமலை."

ஏழுமலை சென்னையில் எங்கள் நிலவியல் ஆய்வு அலுவலகத்தின் தேய்ப்பறையில் இருந்தவர். எங்கிருந்தெல்லாமோ வரும் பாறைத் துண்டுகளைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்துத் தேய்த்துத் தகடாக்குவது அவர் வேலை. அந்தத் தகட்டை அதிகாரிகள் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பார்த்ததைத் தாளில் வரைவது என் வேலை. முப்பத்தொரு வருஷம் அவர் தேய்த்தார், நான் வரைந்தேன். 'இது இன்ன கல்' என்று சொல்லும் அதிகாரம் எங்கள் இருவருக்குமே இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் திருவாரூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் நூறடி தோண்டினாலும் வண்டல்தான் வரும். அம்மிகூட வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அத்தனை வருஷம் பாறையை வரைந்தவன், பாறை மண்ணுக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அறுபத்தேழு வயதில் பார்க்கப் புறப்பட்டேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பையில் இருபத்துநான்கு ரத்த அழுத்த மாத்திரைகள், ஒரு கைலென்ஸ், ஒரு நூல்கண்டு, ஒரு குடை.

முதல் நாள் தியாகதுருகத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே புளியமரங்கள். வெட்டுப்பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். இறங்கி நடந்தேன். சிலவற்றைத் தாண்டினேன், சிலவற்றுக்கு அடியில் குனிந்தேன். குடை இரண்டு முறை கிளையில் மாட்டியது.

கடைசி மரத்தின்மேல் கோடரியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கை கொடுத்தார். முப்பது வயதிருக்கும்.

"பெரியவரே, பாத்து. எங்க போறீங்க?"

"கச்சிராயபாளையம். அங்கேயிருந்து மலையடிவாரம்."

"இன்னிக்கு ஒரு வண்டியும் போவாது. பையக் குடுங்க, எங்க ஊரு கரும்பு வண்டி கொல்லை வழியா கள்ளக்குறிச்சி போவுது, ஏத்தி வுடறேன்."

இத்தனை மரத்தை வெட்டலாமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் கோபப்படவில்லை.

"நட்டவன் எங்க தாத்தன்தான் சார். எனக்கு வலிக்காதா? நாங்க இன்னா கேக்கறோம்? எங்க ஜனம் எத்தினி பேருன்னு எண்ணுங்க. எண்ணி, அதுக்குத் தக்கன படிப்புல, வேலைல எடம் குடுங்க. எண்றதுக்கு இன்னா கசக்குது இவங்களுக்கு?"

"எனக்குக் கசக்காது. இது பதினேழாவது மரம்" என்றேன்.

"பதினெட்டு. அந்தாண்ட வளைவுல பள்ளத்துல சாஞ்சுது பாருங்க, அத வுட்டுட்டீங்க" என்றார்.

வண்டியில் கரும்புக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து போகும்போது எனக்கு அந்தப் பதினெட்டாவது மரம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதிகாரிகள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். தேய்ப்பறை ஏழுமலையின் ஊர்ப்பக்கத்திலிருந்து அவர்களில் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை.

இரண்டாம் நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு டிராக்டரின் மட்கார்டில் பயணம். எங்கள் பக்கத்து வயல்கள் தட்டையாக வானம்வரை போகும். இங்கே நிலம் மேற்கே போகப்போக நிமிர்ந்து, கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலையாகவே எழுந்து நின்றுவிடுகிறது. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

ஏழுமலை வரப்பிலேயே காத்திருந்தார். அறுபத்திரண்டு வயது. விரல் நுனிகள் இன்னும் தேய்ப்புத் தூளில் மழுங்கியபடியே இருந்தன. அவர் மனைவி பச்சையம்மாள் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டார். நான் களியை மென்றேன்.

"சார், மெல்லக் கூடாது. முழுங்கணும்" என்றார் ஏழுமலை.

"தொண்டையில் நின்றுவிட்டால்?"

"நின்னா குழம்ப ஊத்தினு தள்ளுங்க" என்றார் பச்சையம்மாள். பதினான்கு உருண்டை விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கிணறு. இருபத்திரண்டடி சதுரம். மேலே பதினெட்டடி செம்மண்ணும் மக்கிய பாறையும். அதற்குக் கீழே ஒரே கறுப்பு. கிணறு வெட்டும் கூட்டம் ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவர் மாரி மேஸ்திரி. அவர் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னார்.

"ஆறு தோட்டா கீது சார். ரோடெல்லாம் அடச்சிட்டாங்க, இனிமே வெடிமருந்து வராது. இந்த ஆறையும் அடியில வெச்சா ஒரு முழம் எறங்கும், அவ்ளோதான். ஒரு பக்கத்துச் சொவத்துல வெச்சா நாலஞ்சு அடி உள்ள போலாம். அதுக்கு மேல நாங்க வேற ஊரு பாத்துப் போவணும்."

"எந்தச் சுவர்?"

"கெழக்கு. அங்கதான் ஈரம் கசியுது. நீரோட்டம் பாத்தவரும் கெழக்குன்னுதான் சொன்னாரு."

ஏழுமலை என்னைத் தனியே அழைத்துப் போனார். "சார், இது பொய்ச்சா நான் திரும்ப மெட்ராஸ் போவணும். ஒரு அபார்ட்மெண்டுல வாட்ச்மேன் வேல சொல்லி வெச்சிகிறாங்க. பச்சையம்மா வரமாட்டேன்றா. முப்பது வருஷம் கல்லத் தேச்சிட்டு, அந்தக் கல்லே என்னத் தொரத்துதே சார்."

முப்பத்தொரு வருஷத்தில் நான் யாருக்கும் கருத்துச் சொன்னதில்லை. படத்தின் கீழே கையெழுத்துப் போடுவதும் அதிகாரிதான். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான தகடுகளில் அதை நானே வரைந்திருக்கிறேன்.

இந்தக் கறுப்புக் கல் ஒரு காலத்தில் குழம்பாக இருந்தது. பூமிக்கு அடியிலிருந்து, பழைய பாறையில் பிளந்த ஒரு வெடிப்பின் வழியே கொதித்துக்கொண்டு ஏறி, அங்கேயே ஆறி, நிலத்துக்குள் ஒரு மதில்போல நின்றுவிட்டது. ஓரத்தில் பழைய பாறையின் குளிர்ந்த உடம்பைத் தொட்ட குழம்பு உடனே உறைந்தது. அங்கே மணி கட்ட நேரமில்லை. நடுவில் இருந்தது பல வருஷம் மெல்ல மெல்ல ஆறியது. அந்த நிதானத்தில் முதலில் வெள்ளைக் கீற்றுகள் பிறந்து நீண்டன. மிச்சமிருந்த இடுக்குகளில் கறுப்பு மணிகள் பின்னால் வந்து அடைத்துக்கொண்டன. ஆகவே ஓரத்தை நெருங்க நெருங்க மணி சிறுக்கும். மதிலுக்குள் தண்ணீர் கிடையாது. மதிலுக்கும் பழைய பாறைக்கும் இடையிலுள்ள விரிசலில் இருக்கலாம்.

இதை மேஸ்திரியிடம் விளக்கத் தடுமாறினேன். கேட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாள் குறுக்கிட்டார். அவர் மூங்கில்துறைப்பட்டில் பிறந்தவர்; அப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளி.

"இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேச்சு? பாகு காச்சி எறக்கி வெச்சா, அவசரமா ஆறுனது மாவாப் பூடும், நிதானமா ஆறுனது மணிமணியா நிக்கும். எங்கப்பா சொல்லும். சாரு சொல்றது அதான்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அப்ப மாவாக் கீற பக்கம் ஓரம்?"

"ஆமாம்."

"அப்படிச் சொல்லுங்க."

நான்கு சுவரிலிருந்தும் ஒவ்வொரு கல் கேட்டேன். சற்று நேரத்தில் நான்கு கற்கள் வந்தன. ஒரு அங்குலம் நூல் வெட்டி, கல்மேல் வைத்து, நூலைக் கடக்கும் வெள்ளைக் கீற்றுகளை லென்ஸில் எண்ணினேன். கிழக்கு ஒன்பது. மேற்கு ஒன்பது. வடக்கு பத்து. தெற்கு ஒன்பது. மறுபடி எண்ணினேன். அதேதான். ஓரம் எந்தப் பக்கமும் இல்லை என்றால் கிணறு மதிலின் நட்டநடுவில் நிற்கிறது என்று அர்த்தம். ஏழுமலையிடம் மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று கற்களை அடுக்கி வைத்தேன். மாத்திரை போட்டேனா இல்லையா என்று அன்றைக்கு மறந்துபோய், எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஏழுமலை என்னை மலைப்பக்கம் நடத்திக்கொண்டு போனார். கொல்லைகளுக்கு நடுவே யானைகள் வரிசையாகப் படுத்ததுபோல் கறுப்பு உருண்டைக் கற்கள். வரிசை நூல் பிடித்ததுபோல் நேராக வடமேற்கே ஓடி மலைக்குள் நுழைந்தது. வரைபடத்தில் நான் எத்தனையோ முறை அரை அங்குலக் கோடாகப் போட்டது இதைத்தான். குறுக்கே நடந்து பார்த்தேன், நாற்பத்தொரு தப்படி. இந்த அகலத்துக்கு நெருப்பு ஒரு நாள் இங்கே நின்றிருக்கிறது, ஆடு மேய்கிற இந்த இடத்தில், பார்க்க ஒரு கண்கூட இல்லாத காலத்தில்! கல்லைத் தொட்டேன். வெயில் சூடுதான். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன்.

கிணற்றருகே வரிசை மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. எந்த ஓரம் எங்கே என்று மேலிருந்து சொல்ல முடியாது.

திரும்பி வந்து அந்த நான்கு கற்களையும் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 'கிழக்கு'க் கல்லிலும் 'மேற்கு'க் கல்லிலும் துளைக்கம்பியின் அரை வட்டத் தடம் இருந்தது. இரண்டையும் ஒட்டினேன். சரியாகப் பொருந்தி ஒரே கல் ஆயின.

கல் சுமக்கும் அலமேலுவைக் கூப்பிட்டு, "இது எங்கே எடுத்தது?" என்றேன்.

"குமிச்சு வெச்ச எடத்துலதான் சார். உள்ள கீறதெல்லாம் மங்கலா, அசிங்கமா இருந்துச்சு. மெட்ராஸ் ஆபீசரு வந்துகிறாரு, நல்லதாக் குடுக்கணும்னு மினுக்கறதாப் பொறுக்கிக் கழுவிக் கொணாந்தோம்."

"நான் ஆபீசர் இல்லை அம்மா."

"அது இன்னாவோ, கல்லு நல்லா இருந்துச்சா இல்லியா?"

கல் நன்றாகத்தான் இருந்தது. என் ஒரு நாள் பயமும் அந்த நேர்த்தியால்தான் வந்தது. இனி ஒரே வழிதான். நானே இறங்க வேண்டும்.

"வேணாம் சார்" என்றார் ஏழுமலை. "எதுனா ஆச்சுன்னா உங்க வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

மேஸ்திரி சிரித்தார். "கல்லையே தூக்குது கிரேனு. சாரு இன்னா, ஒரு கூடை எடை கூட இருக்கமாட்டாரு."

கல் ஏற்றும் இரும்புத் தொட்டியில் குந்தினேன். கம்பிவடம் கிரீச்சிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒன்று என எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டில் செம்மண் முடிந்தது. பத்தொன்பதில் கறுப்பு தொடங்கியது. முப்பதில் வெயில் மேலேயே நின்றுவிட்டது. குளிர்ச்சி காதைத் தொட்டது. ஐம்பத்திரண்டில் தொட்டி தரை தட்டியது. மேலே வானம் ஒரு சீட்டுக்கட்டு அட்டை அளவு.

முதலில் கிழக்குச் சுவர். நல்ல ஈரம். சட்டைக் கையால் துடைத்து நூலை ஒட்டினேன். ஒன்பது. ஒவ்வொரு கீற்றும் தெளிவாக, கூர்மையாக, தன் இடத்தில் வசதியாக வளர்ந்திருந்தது. யாரும் அவசரப்படுத்தாத வளர்ச்சி. இது மதிலின் உட்பக்கம். ஈரம் மேலே பெய்த மழையின் மிச்சம். மேலிருந்து வழிந்த தடமும் தெரிந்தது.

வடக்குச் சுவரில் கிழக்கு மூலையிலிருந்து ஒவ்வொரு தப்படியாக மேற்கே நகர்ந்து எண்ணினேன். ஒன்பது. பத்து. பன்னிரண்டு. பதினாறு. இருபத்துமூன்று. மேற்குச் சுவரில் வெறும் கண்ணுக்குக் கீற்றே தெரியவில்லை. மங்கல், அசிங்கம், அலமேலு சொன்னது சரிதான். லென்ஸை வைத்தேன். தூசிபோல, மாவுபோல, ஆயிரம் ஊசி முனைகள். நாற்பத்தாறுவரை எண்ணினேன், அதற்குமேல் நூலின் நாரே அவற்றை மறைத்தது.

முப்பத்தொரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் நகக்கண் அளவுத் தகடுகள். இது இருபத்திரண்டடி அகலத் தகடு. நான் அதற்குள்ளேயே நின்றேன். கிழக்கே நிதானம், மேற்கே அவசரம். ஒரு கொதிப்பு எந்தப் பக்கத்திலிருந்து குளிர்ந்தது என்பதை ஒவ்வொரு மணியும் தன் உடம்பில் வைத்துக்கொண்டு, எத்தனையோ கோடி வருஷம் இருட்டில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

"சார், இன்னா சத்தத்தையே காணோம்?" என்று மேலிருந்து ஏழுமலை கத்தினார்.

"மேற்கு!" என்று கத்தினேன். கிணறு அதைப் பல முறை திருப்பிச் சொன்னது.

நான்காம் நாள் விவாதம். கூட்டத்தில் எட்டுப் பேர் கிழக்கு. ஈரம் இருக்கிற சுவரை விட்டுவிட்டு, காய்ந்த, அதுவும் கண்ணாடிபோல் கெட்டியான சுவரை உடைப்பதா? மேஸ்திரி ஏழுமலையைக் கேட்டார். "உங்க கெணறு. நீங்க சொல்லுங்க."

ஏழுமலை நான் கொண்டுவந்த துண்டுகளை எடுத்து, மழுங்கிய கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு சொன்னார்: "ஓரத்துக் கல்லு தேய்க்கறப்ப கை வழுக்கும். இது வழுக்குது. மேக்கால வைங்க." என் பக்கம் திரும்பவேயில்லை. தப்பினால் பழி என்மேல் விழக் கூடாது என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

மேற்குச் சுவரில் ஆறு குழி துளைக்க மாலைவரை ஆயிற்று. எல்லாரும் புளியமரத்தடிக்கு ஓடினோம். "வெடி! வெடி!" என்று நான்கு திசையிலும் குரல் கொடுத்தார்கள். தரை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு, மூன்று அடுத்தடுத்து. நான்கு. ஐந்து. கல் மழை அடங்கியது. ஆட்கள் எழுந்து கிணற்றை நோக்கி நடந்தார்கள்.

"அஞ்சு!" என்று நானும் மேஸ்திரியும் ஒரே மூச்சில் கத்தினோம்.

நடந்தவர்கள் நின்றார்கள். ஒருவன், "ரெண்டும் மூணும் சேந்து வெடிச்சுது, ஆறுதான்" என்றான். "அத நானும் சேத்துத்தான் எண்ணினேன், குந்துடா" என்றார் மேஸ்திரி. என்னிடம் மெதுவாக, "எங்க தொழில்ல எண்ணாதவன் உசுரோட இருக்கறதில்ல சார். நீங்களும் எண்றீங்களே, எதுக்கு?" என்றார். பழக்கம் என்றேன். என் வீட்டில் இதைப் பைத்தியம் என்பார்கள். வெடிக்காத ஒன்றுக்காக அன்று யாரும் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்து வெகுநேரம் கழித்து மேஸ்திரி தனியாக இறங்கி அந்த ஆறாவது குழியைத் தண்ணீர் ஊற்றிச் செயலிழக்கச் செய்தார். பிறகு கடப்பாரைகள். சுவர் நாலடி உள்வாங்கியிருந்தது. தண்ணீர் இல்லை. ஏழுமலை விளிம்பில் குந்தி, கைகளை முழங்காலுக்கு நடுவே கோத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் சாமைச் சோறு கொண்டுவந்து, யாரும் சாப்பிடாததால் மூடி வைத்தார்.

மதியம் கீழேயிருந்து ஒரு குரல். "சார், கல்லு மாறுது! வெள்ளையா வருது!"

இந்த முறை ஓர் அடியையும் எண்ணாமல் இறங்கினேன். நாலே முக்கால் அடி உள்ளே, கறுப்பு ஒரு கோடாக முடிந்தது. அதற்கு அப்பால் சாம்பல் வெள்ளையில் வரிவரியாகப் பழைய பாறை. கோட்டின்மேல் விரலை வைத்தேன். இந்தப் பக்கம் வந்த நெருப்பு. அந்தப் பக்கம் அதைத் தாங்கிய கல். இரண்டும் தொட்ட இடத்தில் மணி ஒன்றுகூட இல்லை, எழுதாத சிலேட்டுபோல. விரலை எடுத்தேன். நுனி ஈரமாக இருந்தது.

மேஸ்திரி கடப்பாரையைக் கோட்டில் வைத்து நெம்பினார். ஒரு பட்டை உதிர்ந்தது. முதலில் சேறு. பிறகு ஒரு சொட்டு. நான் எண்ணத் தொடங்கினேன். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. இன்னொரு நெம்பு, முப்பத்தெட்டு. மூன்றாவது நெம்பில் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து விரல் கனத்துக்கு ஒழுக்காயின. அலமேலு ஒரு பூவரச இலையை மடித்து விரிசலில் செருகினாள். அதன் வழியே தெளிந்து விழுந்தது.

ஏழுமலை தொட்டியில் இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய்க் கறுப்பும் வெள்ளையும் சேரும் கோட்டைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். "இதத் தகடாத் தேச்சிருந்தா எப்படி இருந்திருக்கும் சார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து பச்சையம்மாள், தானும் பார்க்க வேண்டும் என்று குடத்தோடு வந்தார். குடத்தை இலைக்கு அடியில் வைத்தார்கள். முதல் குடம் நிறைய நான் இருநூற்றுப் பன்னிரண்டுவரை எண்ணினேன். இரண்டாவது நூற்றெண்பது. மூன்றாவது நூற்றறுபத்தைந்து, ஒழுக்கு கூடிக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்து வரிசையாக எழுதினேன். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது.

பத்தாவது குடத்துக்கு நான் வாயசைத்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் ஒரு சொம்பை இலைக்கடியில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"சார், எண்ணினது போதும். குடிங்க."

குடித்தேன். பல்லில் சில்லென்று ஏறியது. பத்தாவது குடம் நிறைய எத்தனை ஆயிற்று என்பது என் நோட்டில் இல்லை.